கொண்டைக்குருவிக்கு எந்த ஊர்?

(புதுச்சேரியில் பறவை ஆர்வலர்களும் ஆசிரியர்களும் கூடிய பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஊசுட்டேரிக்கு வரும் வலசைப் பறவைகளைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். அவற்றைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். நான் பேசப்போவது முருங்கை மரத்திலும் மதில் மேலும் தண்ணீர்த்தொட்டி விளிம்பிலும் தினமும் வந்து உட்காரும் பறவைகளைப் பற்றி. கொண்டைக்குருவி, மைனா, கிளி, கருஞ்சிட்டு, குண்டுகரிச்சான். எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் யாரும் இரண்டாவது முறை பார்க்காத பறவைகள். இவற்றுக்கு அறிவியலில் இரண்டு பெயர்களோடு மூன்றாவதாக ஒரு பெயரும் உண்டு. அந்த மூன்றாம் பெயரைத்தான் துணையினம் என்கிறோம். அது எங்கிருந்து வந்தது, அதை நம் கொல்லையில் நின்றுகொண்டு கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் இன்றைய பேச்சு.

கொண்டைக்குருவியிலிருந்து தொடங்குகிறேன். கருந்தலை, சின்னக் கொண்டை, செதில் செதிலாகத் தெரியும் உடம்பு, வாலுக்கடியில் ரத்தச் சிவப்பு. இதன் அறிவியல் பெயர் பிக்னோனோட்டஸ் காஃபெர். காஃபெர் என்பது தென்னாப்பிரிக்காவைச் சுட்டும் பெயர். ஆனால் தென்னாப்பிரிக்காவில் இந்தப் பறவை இயற்கையாக வாழ்ந்ததே கிடையாது. 1760இல் மத்துரின் ஜாக் பிரிசோன் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் ‘ஓர்னித்தோலொஜி’ என்ற தம் ஆறு தொகுதி நூலில் இதை வருணித்தார். தம் கைக்கு வந்த பாடம் செய்த பறவை நன்னம்பிக்கை முனையில் பிடித்தது என்று அவர் நம்பினார். அப்படியே எழுதினார். ஆறு வருடம் கழித்து, 1766இல், லின்னேயஸ் அந்த வருணனையை எடுத்துத் தம் ‘சிஸ்டமா நாத்துரே’ பன்னிரண்டாம் பதிப்பில் சேர்த்து லத்தீன் பெயர் சூட்டினார். லின்னேயஸ் இந்தப் பக்கம் வந்தவர் அல்லர். பிரிசோன் சொன்னதை நம்பினார், அவ்வளவுதான்.

பெயர் தப்பென்று தெரிந்த பிறகு மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். விலங்கியல் பெயரிடும் விதி அதற்கு இடம் கொடுக்காது. முதலில் அச்சேறிய பெயர்தான் நிற்கும், அது சொல்லும் ஊர் தப்பாக இருந்தாலும் சரி. திருத்த முடிந்தது ஒன்றுதான்: அந்த முதல் மாதிரி எந்த ஊரிலிருந்து வந்தது என்ற குறிப்பு. இதை மூலவூர் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஆப்பிரிக்கா என்பதை அடித்துவிட்டு இலங்கை என்று எழுதினார்கள். அதுவும் நிலைக்கவில்லை. 1952இல் அந்தப் பறவையின் மூலவூர் புதுச்சேரி என்று நிர்ணயித்தார்கள்.

இதனால் நமக்கென்ன என்று கேட்டால், நிறைய இருக்கிறது. ஓர் இனத்தைப் பல துணையினங்களாகப் பிரிக்கும்போது, மூலவூரில் வாழும் கூட்டத்துக்கு இனத்தின் பெயரே மூன்றாம் பெயராகவும் அமையும். ஆகவே உங்கள் வீட்டுக் கொல்லையில் பப்பாளிப் பழத்தைக் கொத்துவது பிக்னோனோட்டஸ் காஃபெர் காஃபெர். மேற்கு இமயத்தின் இண்டர்மீடியஸ், கங்கைச் சமவெளியின் பெங்காலென்சிஸ், வடமேற்கின் ஹுமாயூனி, கிழக்குப் பகுதியின் வெட்மோரெய், இலங்கையின் ஹெமோரௌசஸ் என்று எதை எடுத்தாலும் முதலில் கேட்கும் கேள்வி, புதுச்சேரிப் பறவையிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது என்பதுதான். மூலவூர் இலங்கை என்றே நின்றிருந்தால் இந்தப் பெருமை அக்கரைக்குப் போயிருக்கும். பறவையில் ஒரு இறகுகூட மாறியிருக்காது, பெயர்கள் மட்டும் இடம் மாறியிருக்கும்.

மைனாவின் கதை இன்னும் வேடிக்கை. அதே பிரிசோன், அதே 1760. இம்முறை பிலிப்பைன்ஸ் பறவை என்று எழுதினார். மறுபடி லின்னேயஸ், மறுபடி 1766. பிற்பாடு இதன் மூலவூரையும் புதுச்சேரி என்று திருத்தினார்கள். கருஞ்சிட்டையும் பிரிசோன் பிலிப்பைன்ஸுக்குத்தான் அனுப்பிவைத்தார். நம் பச்சைக்கிளியின் தென்னிந்தியத் துணையினத்துக்கு 1800இல் பெக்ஸ்டைன் வைத்த பெயர் மணில்லென்சிஸ், அதாவது மணிலாக் கிளி. இத்தனை பறவைகள் ஒரே பக்கமாக வழிதவறினால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டுமல்லவா?

காரணம் கப்பல் என்பது என் கணிப்பு. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும், இந்த ஊரின் மூச்சே எந்தக் கப்பல் வந்தது, எது போனது என்பதில்தான் இருந்தது. இங்கே பெட்டி ஏறும் பொருள் மொரீஷியஸில் நிற்கும், நன்னம்பிக்கை முனையைச் சுற்றும், மாதக்கணக்கில் கடலில் கிடந்து பிரான்சு போய்ச் சேரும். பியர் புவாவ்ர் போன்ற பிரெஞ்சுப் பயணிகள் மணிலா வரைக்கும் போய் வந்தவர்கள். பல துறைமுகங்களில் சேர்த்த பொருள்கள் ஒன்றாக இறங்கும். பெட்டியைப் பிரிப்பவர் எந்தத் துறைமுகத்தின் பெயரைக் கேட்டாரோ அதுவே பறவையின் பிறந்த ஊராகிவிடும். பிடித்தவர் யார், எந்த மரத்தில், எந்த மாதத்தில் என்று ஒரு துண்டுச் சீட்டு கட்டியிருந்தால் இவ்வளவு குழப்பம் வந்திருக்காது. பிரிசோனின் நூல் வெளிவந்த மறுவருடம், 1761 ஜனவரியில், பிரெஞ்சுத் தளபதி லாலி இந்த நகரத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்க, அவர்கள் கோட்டையையும் ஊரையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஊரே இல்லாமல் போன நேரத்தில் ஊரின் குருவி ஆப்பிரிக்கப் பெயரோடு பாரிஸில் பத்திரமாக இருந்தது.

இடையில் சொன்னெராவைப் பற்றி ஒரு வார்த்தை. பியர் சொன்னெரா 1774 முதல் 1781 வரை கிழக்கே பயணம் செய்து, 1782இல் தம் இந்தியப் பயண நூலை வெளியிட்டவர். பின்னாளில் ஏனாமில் அதிகாரியாகவும் இருந்தார். நம் காட்டுக்கோழிக்கு காலஸ் சொன்னெராட்டீ என்று அவர் பெயர்தான். அவர் வருணித்த சூரத்துச் சாம்பல் புறாவை வைத்துத்தான் 1789இல் க்மெலின் நம் மணிப்புறாவுக்கு சூரட்டென்சிஸ் என்று பெயரிட்டார். நல்ல கண், நல்ல கை. ஆனால் நியூ கினியில் பார்த்ததாக ஆஸ்திரேலியாவின் கூக்கபுராவையும் தம் முந்தைய நூல் ஒன்றில் சேர்த்துவிட்டார். அந்தப் பறவைக்கு இன்றுவரை நோவேகினேயி என்றுதான் பெயர், நியூ கினியில் அது கிடையவே கிடையாது. பிரிசோனாவது வந்த பெட்டியை நம்பினார். சொன்னெரா தம் கண்ணால் கண்டதாகவே எழுதினார். என் தராசில் இது கொஞ்சம் கனமான குற்றம்.

சரி, துணையினம் என்றால் என்ன? ஒரே இனத்துக்குள், ஒரு நிலப்பகுதியில் வாழும் கூட்டம், வேறு பகுதிக் கூட்டத்திலிருந்து நிறத்திலோ அளவிலோ இனங்காணும்படி மாறியிருந்தால் அது துணையினம். இரண்டு கூட்டமும் சந்தித்தால் கூடி இனப்பெருக்கம் செய்யும். எவ்வளவு மாறியிருந்தால் போதும்? 1949இல் டீன் அமடான் என்ற பறவையியலாளர் ஒரு வழக்கத்தை விதியாக எழுதிவைத்தார்: ஒரு கூட்டத்தில் குறைந்தது நூற்றுக்கு 75 பறவைகளையாவது அடுத்த கூட்டத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடிய வேண்டும். இதைக் கவனியுங்கள். விதிக்கு உட்பட்ட துணையினத்திலேயே நாலில் ஒரு பறவை கையில் வைத்துப் பார்த்தாலும் பிடிபடாமல் போகலாம். இருபது அடி தூரத்தில், வெயிலுக்கு எதிரே, இலை மறைவில் பார்க்கும் நமக்கு எவ்வளவு பிடிபடும்?

இதற்கு மேல் இன்னொரு சிக்கல். நிறமும் அளவும் பெரும்பாலும் ஒரு கோட்டில் சட்டென்று மாறுவதில்லை. வடக்கே போகப் போக உடம்பு பெரிதாகும், ஈரமான இடத்தில் நிறம் கறுக்கும், வறண்ட இடத்தில் வெளிறும். பெர்க்மன், க்ளோகர் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருவர் இதை எழுதிவிட்டார்கள். தேய்ந்து தேய்ந்து மாறும் நிறத்தில் எங்கே கோடு போடுவது? 1953இல் வில்சனும் பிரவுனும் துணையினம் என்ற கருத்தையே கைவிடலாம் என்று வாதாடியதற்கு இதுவும் ஒரு காரணம். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். சில கோடுகள் உண்மையானவை. சில, அருங்காட்சியக இழுப்பறையில் இரண்டு வரிசைத் தோல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் போட்டவை.

நம் பக்கத்துப் பறவைகளை அப்படி வைத்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஹியூ விஸ்லர். பஞ்சாபில் காவல்துறை அதிகாரியாக இருந்தவர். வெர்னே ஆய்வுக்குழு 1929இலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் சேர்த்த பறவைகளை அவரும் நார்மன் கின்னியரும் ஒப்பிட்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் தொடர்ந்து எழுதினார்கள். பிறகு சாலிம் அலியும் டில்லன் ரிப்ளேயும் 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளில் துணைக்கண்டத்துப் பறவைகள் எல்லாவற்றையும் துணையினம் துணையினமாகவே பட்டியலிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஓர் எல்லை. மூத்த பறவையாளர்கள் இன்னமும் அந்த எண்களைச் சொல்லிப் பேசுவதைக் கேட்கலாம்.

இப்போது கொல்லைக்கு வருவோம். எதைப் பார்த்துச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது?

கிளி சுலபம். வளர்ந்த கிளியின் கீழ் அலகைப் பாருங்கள். நம் தென்னிந்தியத் துணையினமான மணில்லென்சிஸுக்கு மேல் அலகு சிவப்பு, கீழ் அலகு கறுப்பு. வட இந்தியாவின் போரியாலிஸுக்கு இரண்டும் சிவப்பு. சாதாரண பைனாகுலரிலேயே தெரியும். புதுச்சேரியில் கீழ் அலகும் சிவந்த கிளியைப் பார்த்தால், வடக்கிலிருந்து பறந்து வந்தது என்று எழுதிவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகும் கிளி வியாபாரம் நின்றுவிடவில்லை. கூண்டிலிருந்து தப்பியதாக இருக்கலாம். வால் நுனி தேய்ந்திருக்கிறதா, இறகு முறிந்திருக்கிறதா, மனிதரை அண்ட விடுகிறதா என்று சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கருஞ்சிட்டும் சுலபம்தான், ஆணாக இருந்தால். தென்னிந்திய ஆணின் முதுகு கறுப்பு, வட இந்திய ஆணின் முதுகு பழுப்பு. நடுவில் தக்காணத்தில் இரண்டுக்கும் இடைப்பட்டவை. இங்கிருந்து ரயில் ஏறி டெல்லி போய் இறங்குபவர், அங்கே பழைய கோட்டைச் சுவரில் உட்கார்ந்திருக்கும் கருஞ்சிட்டைப் பார்த்து இது வேறு பறவை என்று நினைத்தால் அதில் தப்பே இல்லை.

மரங்கொத்தியைச் சொல்லாமல் விட முடியாது. தென்னை மரத்தில் கத்திக்கொண்டே ஏறும் பொன்முதுகு மரங்கொத்தி இங்கே பொன்னிறம். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அதே பொன்னிறம், ஜஃப்னென்சே என்ற துணையினம். அங்கிருந்து தெற்கே இறங்கினால் முதுகு ரத்தச் சிவப்பாகிவிடும். இடையில் உள்ள பகுதியில் ஆரஞ்சு நிற முதுகோடு கலப்புப் பறவைகள். நெடுங்காலம் சிவப்பு முதுகுக்காரரையும் துணையினம் என்றே வைத்திருந்தார்கள். இப்போது தனி இனம் என்று பிரித்துவிட்டார்கள். கேரளத்தின் தென்பகுதி மரங்கொத்திக்கு விஸ்லரும் கின்னியரும் 1934இல் தெஹ்மினே என்று பெயரிட்டார்கள். சாலிம் அலியின் மனைவி தெஹ்மினாவின் நினைவில் நிற்கும் பெயர் அது.

மைனா கடினம். இலங்கையின் மெலனோஸ்டெர்னஸ் நம்முடையதைவிடக் கருமை கூடியது, கண்ணோரத்து மஞ்சள் தோலும் பெரிது. இரண்டையும் ஒருசேரப் பார்த்தால் தெரியும், தனித்தனியாகப் பார்த்தால் வெயிலும் கேமராவும் ஏமாற்றும். கொண்டைக்குருவி அதைவிடக் கடினம். மேற்கு இமயத்துப் பறவைக்குத் தலையின் கறுப்பு நெஞ்சின் நடுவரை இறங்கும், கங்கைப் பக்கத்துப் பறவைக்கு அடிப்பகுதியில் செதிலுக்குப் பதிலாகக் கோடுகள். இந்தக் கடைக்கோடிகள் தெரியும். நடுவில் இருப்பவற்றைப் புகைப்படத்தில் பிரிப்பவர்களைக் கண்டால் எனக்கு மரியாதையும் சந்தேகமும் ஒருங்கே வரும். காக்கையின் கழுத்துச் சாம்பலைப் பற்றிக் கேட்காதீர்கள். காலை எட்டு மணிக்கு ஒரு நிறம், உச்சிவெயிலில் இன்னொரு நிறம்.

நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. இப்போதெல்லாம் இ-பேர்டு போன்ற தளங்களில் பதிவிடும்போது துணையினம் வரை குறிக்கலாம். ஆர்வலர் என்ன செய்கிறார்? புதுச்சேரியில் இன்ன துணையினம் என்று புத்தகத்தின் வரைபடம் சொல்கிறது, அதைப் பார்த்து மூன்றாம் பெயரைப் போட்டுவிடுகிறார். நாளைக்கு ஆராய்ச்சியாளர் ஒருவர் வந்து, இத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள், வரைபடம் சரி என்பார். வரைபடம் தன்னைத் தானே சாட்சிக்கு அழைத்துக்கொண்டதைத் தவிர இதில் நடந்தது ஒன்றுமில்லை. பறவையை யாரும் பார்க்கவே இல்லை. பெட்டியில் கேட்ட துறைமுகப் பெயரை எழுதிய பிரிசோனின் வேலைக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அடையாளத்தைக் கண்ணால் கண்டால் மூன்றாம் பெயரை எழுதுங்கள். காணாவிட்டால் இரண்டு பெயரோடு நிறுத்திவிட்டு இடம், தேதி, பார்த்த நிறம் இவற்றைச் சரியாக எழுதுங்கள். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் 2015 முதல் சேர்ந்துவரும் பதிவுகளின் மதிப்பே இடமும் தேதியும் சரியாக இருப்பதில்தான்.

கண்ணால் கண்ட அடையாளம் எவ்வளவு தூரம் பேசும் என்பதற்கு ஃபிஜித் தீவைச் சொல்கிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டைக்குருவி அங்கே போய்ச் சேர்ந்தது, ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம்மவர்கள் கொண்டுபோனார்கள் என்பார்கள். கல்கத்தாவிலிருந்து 1879 முதலும் சென்னையிலிருந்து 1903 முதலும் அங்கே கப்பல்கள் ஆள் ஏற்றிப் போயின. எந்தத் துறையில் ஏறியது அந்தக் குருவி? ஃபிஜியில் இன்று இருப்பது பெங்காலென்சிஸ், வடக்கத்திப் பறவை. கப்பல் பதிவேட்டில் இல்லாத பயணியின் துறைமுகத்தை அதன் அடிவயிற்றுக் கோடுகள் சொல்கின்றன. அங்கே வரைபடம் உதவாது, பறவையைத்தான் பார்த்தாக வேண்டும். 1760களில் வெட்டுக்கிளியை ஒழிக்க இந்தியாவிலிருந்து ரெயூனியனுக்குக் கொண்டுபோன மைனா, 1980களில் நியூ கலிடோனியாவின் நூமெயாவில் கூண்டிலிருந்து வெளியேறிய கொண்டைக்குருவி என்று பிரெஞ்சு மண்ணிலேயே இன்னும் சில கதைகள் உண்டு. உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவிகள் என்ற பட்டியலில் இந்த இரண்டும் இருக்கின்றன. நம் கொல்லையில் சாதுவாக இருப்பவை அங்கே பழத்தோட்டக்காரர்களின் வயிற்றெரிச்சல்.

கடைசியாக ஒரு வேலை கொடுத்துவிட்டு முடிக்கிறேன். நம் ஒன்றியப் பிரதேசத்தைப் போல ஒன்று இந்தியாவில் வேறெங்கும் இல்லை. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம். பிரெஞ்சுக்காரர்கள் வியாபாரத்துக்காகப் பிடித்துவைத்த நான்கு துண்டுகள். பறவையாளர் கண்ணுக்கு இவை நான்கு வேறு நாடுகள். ஏனாம் கோதாவரிக் கழிமுகத்தில். மாகே மலையாளக் கரையில், அங்கே காட்டுச் சிலம்பன்கூட மலபாரிக்கா என்ற வேறு துணையினம். இந்த இரண்டும் தூரம். ஆனால் காரைக்காலுக்குக் காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். காவிரி பூம்புகாரில் கடலில் சேர்கிறது. புதுச்சேரி அதற்கு வடக்கே, காரைக்கால் தெற்கே.

குண்டுகரிச்சானுக்கு இந்தக் காவிரியைத்தான் ஒரு காலத்தில் எல்லையாகப் போட்டிருந்தார்கள். ஆற்றுக்குத் தெற்கே உள்ளவற்றை இலங்கையின் செய்லோனென்சிஸோடு சேர்த்திருந்தார்கள். பிறகு அதை இலங்கைக்கு மட்டும் என்று சுருக்கி, தென்னிந்தியப் பறவைகளை வடக்கத்திக் கூட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். அடையாளம் ஆணில் இல்லை, பெண்ணில். வடக்கே பெண் பறவை சாம்பல் நிறம். தெற்கே போகப் போகக் கறுத்து, ஆணோ பெண்ணோ என்று தடுமாற வைக்கும். அந்தக் கருமை ஆற்றைத் தாண்டியதும் கூடுகிறதா, அல்லது சென்னையிலிருந்தே படிப்படியாக ஏறுகிறதா என்பதை நீங்கள் பார்க்கலாம்.

பங்குனி, சித்திரையில் ஆண் பாடத் தொடங்கும்போது பெண் பக்கத்திலேயே இருக்கும். இரண்டும் ஒரே படத்தில் விழுமாறு எடுங்கள், அப்போதுதான் ஆணின் கறுப்போடு ஒப்பிட முடியும். வெயில் நேராக விழாத நேரமாகப் பாருங்கள். நெஞ்சில் பழுப்புச் செதில் தெரிந்தால் அது குஞ்சுப் பருவம், விட்டுவிடுங்கள். நகரத்தில் தாவரவியல் பூங்காவிலும் காரைக்காலில் வீட்டுக் கொல்லைகளிலும் இந்தப் பறவைக்குக் குறைவில்லை. படத்தோடு தெருப்பெயரையும் தேதியையும் எழுதுங்கள். மூன்றாம் பெயருக்கான கட்டத்தை இப்போதைக்குக் காலியாக விடுங்கள்.